தரப்படுத்தலும் தூரமும்: பல்மாறிப் புள்ளிவிபரவியல் எங்கிருந்து வந்தது?

பல்மாறிப் புள்ளிவிபரவியல் பாடத்தின் முதலாவது செய்முறை வகுப்பில் எங்களுக்குத் தரப்பட்ட முதல் வேலை, தரவைத் தரப்படுத்துவது. ஒவ்வொரு மாறியிலிருந்தும் அதன் இடையைக் கழிக்க வேணும், பிறகு நியம விலகலால் வகுக்க வேணும். ஆர் மென்பொருளில் அதுக்கு ஒரே ஒரு கட்டளை போதும். விரிவுரையாளர் ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னார். அதை நாங்கள் தமிழாக்கிக் கொப்பியில் எழுதியபோது பின்வாங்கில் இருந்த ஒருவன், "மச்சான், இது எங்கட அப்பாமாரின்ர கதையெல்லோ" எண்டான். எல்லாரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கின பிறகும் அந்தச் சொல் மனதில் நிண்டது. இலங்கைத் தமிழர் வீடுகளில் 'தரப்படுத்தல்' எண்டால் கணிதம் இல்லை, 1970கள். பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டிய மாமா ஒருவர் ஏன் போகவில்லை என்ற கதை. அதே சொல் இப்ப எங்கட பாடத்தின் முதற்பக்கத்தில், எந்தக் குற்றமும் அறியாத ஒரு கட்டளையாக இருக்குது.

அடுத்த கிழமை இன்னொன்று. செய்முறைக்குத் தந்த தரவு, புள்ளிவிபரவியல் படித்த எல்லாருக்கும் தெரிந்த ஐரிஸ் பூக்களின் தரவு. 3 இனம், இனத்துக்கு 50 பூ, பூவுக்கு 4 அளவு. இது முதலில் எங்கே வெளிவந்தது என்று தேடிப் பார்த்தோம். 1936இல், 'அனல்ஸ் ஒஃப் யூஜெனிக்ஸ்' என்ற சஞ்சிகையில். யூஜெனிக்ஸ் என்றால் 'நல்ல' மனிதர்களைப் பெருக்கி 'தரம் குறைந்த' மனிதர்களைக் குறைக்க வேணும் என்ற கொள்கை. தமிழில் இனமேம்பாட்டியல் என்பார்கள். பூவின் இதழை அளந்த கட்டுரைக்கு அந்தச் சஞ்சிகையில் என்ன வேலை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கணிதம் விளங்காதவர்களும் பயப்படாமல் வாசிக்கலாம், வகுத்தலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

மூன்று பென்ஸ் கொடுத்து அளந்தவர்கள்

1884இல் லண்டனில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே பிரான்சிஸ் கால்டன் ஒரு அளவெடுக்கும் கூடம் திறந்தார். மூன்று பென்ஸ் கொடுத்தால் உங்கள் உயரம், நிறை, கைவிரிப்பின் அகலம், மூச்சுப் பலம், பிடிப்பலம், பார்வைக் கூர்மை எல்லாம் அளந்து ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். அட்டையின் பிரதியொன்று கால்டனிடம் இருக்கும். 9,000க்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்துத் தங்களை அளந்துவிட்டுப் போனார்கள்.

சாள்ஸ் டார்வினின் உறவினரான கால்டனுக்குப் பரம்பரை பற்றித்தான் கவலை. 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உருவாக்கியவரும் அவர்தான். அந்தக் கவலைக்குள்ளிருந்து ஒரு பெறுமதியான கணிதக் கருத்தும் வந்தது. பிரான்சில் அல்போன்ஸ் பெர்டில்லோன் என்பவர் குற்றவாளிகளை அடையாளம் காண உடம்பின் பல பாகங்களை அளந்து பதிந்துவைக்கும் முறையொன்றை நடத்திக்கொண்டிருந்தார். கால்டன் அதில் ஒரு பிழையைக் கண்டார். உயரமான ஆளுக்குக் கையும் நீளமாக இருக்கும், காலும் நீளமாக இருக்கும். ஆகவே பத்து அளவு எடுத்தால் பத்துத் தனித்தனிச் செய்தி கிடைப்பதில்லை, ஒன்று மற்றதைப் பாதி சொல்லிவிடுகிறது. 1888இல் இதற்கு அவர் ஒரு அளவை முன்வைத்தார். நாங்கள் உயர்தரத்துக்குப் பிறகு படிக்கிற 'இணைபு' அதுதான்.

பல்மாறிப் புள்ளிவிபரவியலின் மூச்சு இதில்தான் இருக்கிறது. மாறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்று பார்ப்பது.

கால்டனின் வாரிசு கார்ல் பியர்சன். இணைபுக்குணகத்தை நாங்கள் கணிக்கிற சூத்திரம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. 1901இல், புள்ளிகளின் கூட்டத்துக்கு மிகக் கிட்டப் போகிற கோட்டையும் தளத்தையும் கண்டுபிடிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கு முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்று நாங்கள் படிப்பதன் தொடக்கம் அது. அதே ஆண்டில் கால்டன், வெல்டன் ஆகியோரோடு 'பயோமெட்ரிக்கா' சஞ்சிகையைத் தொடங்கினார். 1911இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில், கால்டன் விட்டுப்போன பணத்தில் உருவான யூஜெனிக்ஸ் கதிரையில் முதலாவது பேராசிரியராக அமர்ந்தார்.

1925இல் பியர்சன் தொடங்கியதுதான் அனல்ஸ் ஒஃப் யூஜெனிக்ஸ். அதன் முதலாவது தொகுதியிலேயே பியர்சனும் மார்கரெட் மௌலும் எழுதிய ஒரு நீண்ட ஆய்வு வந்தது. ரஷ்யாவிலும் போலந்திலும் இருந்து லண்டனுக்கு வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளை அளந்து, சராசரியில் இவர்கள் உடலாலும் அறிவாலும் உள்ளூர்ப் பிள்ளைகளைவிடக் குறைந்தவர்கள் என்று முடிவு சொன்னது. குடிவரவைத் தடுக்க வேணும் என்ற வாதத்துக்கு எண்களால் கட்டிய அத்திவாரம் அது. அட்டவணைகள் ஒழுங்காகத்தான் இருந்தன, சூத்திரங்களும் அந்தக் காலத்தின் ஆகச் சிறந்தவை. ஆனால் யாரை ஒரு குழு என்று எடுப்பது, யாரோடு ஒப்பிடுவது, எந்த வேறுபாட்டை 'குறை' என்று பெயரிடுவது, இந்த மூன்றும் சூத்திரத்துக்கு வெளியிலேயே முடிவாகிவிட்டன.

கல்கத்தாவில் ஒரு பௌதிகவியலாளர்

இனி எங்கட பக்கத்துக்கு வருவம்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893இல் கல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் படித்தார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915இல் ஊருக்குத் திரும்பும் முன் அவருடைய ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்காவைக் காட்டினார். அதன் பழைய தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கினார். பௌதிகம் கற்பிக்கப் போனவருக்கு இப்படித்தான் புள்ளிவிபரவியலில் பித்துப் பிடித்தது.

1920இல் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர் நெல்சன் அனண்டேலை மகலனோபிஸ் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள் அனண்டேலிடம் இருந்தன. இவற்றை ஆராய்ந்து தர முடியுமா என்று கேட்டார். மகலனோபிஸின் முதலாவது புள்ளிவிபரவியல் கட்டுரை 1922இல் வந்தது. அது அந்த ஆண்களின் உயரத்தைப் பற்றியது.

அடுத்த கேள்விதான் முக்கியம். ஐரோப்பியரும் இந்தியரும் கலந்து உருவான ஒரு சமூகம், இந்தியாவின் எந்தச் சாதிகளுக்கு, எந்த மக்களுக்குக் கிட்ட இருக்கிறது? 'கிட்ட' என்றால் என்ன? உயரத்தில் கிட்டவாக இருக்கிற ஆள் தலை அகலத்தில் தூரமாக இருக்கலாம். எல்லா அளவுகளையும் சேர்த்து ஒரே 'தூரம்' சொல்ல ஒரு வழி வேணும். 1925இல் அறிவியல் மாநாட்டில் ஆற்றிய உரையில் அவர் அப்படியொரு அளவைப் பயன்படுத்தினார். அந்த உரை, வங்காளத்தின் இனக்கலப்பு பற்றிய கட்டுரையாக 1927இல் வெளிவந்தது.

ஒப்பிட எடுத்த தரவு யாருடையது தெரியுமா? ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற பிரித்தானிய அதிகாரியுடையது. 1901ஆம் ஆண்டு இந்தியக் குடிசன மதிப்பீட்டின் ஆணையாளர் அவர். மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, மூக்கு ஒடுங்க ஒடுங்கச் சாதி உயரும் என்று வாதிட்டவர். சாதி என்ற சமூக ஒடுக்குமுறையை உடம்பில் எழுதப்பட்ட இயற்கை விதியாக மாற்ற முயன்ற வேலை அது. இதே காலப்பகுதியில் இலங்கைக்கும் அளவுகோல் வந்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தவர்களான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் வேடர்களை அளந்து, மண்டையோடுகளைச் சேர்த்து, 1890களின் தொடக்கத்தில் பெரிய நூலொன்று வெளியிட்டார்கள். அளந்தவர்கள் எழுதினார்கள். அளக்கப்பட்டவர்கள் அந்த நூல்களில் எண்களாக இருந்தார்கள்.

மகலனோபிஸ் ரிஸ்லியின் எண்களை அப்படியே நம்பிவிடவில்லை. 1933இல் தான் தொடங்கிய 'சங்கியா' சஞ்சிகையில், ரிஸ்லியின் வங்காளத் தரவை மீளச் சரிபார்த்துத் திருத்தி வெளியிட்டார். பியர்சனோடும் முரண்பட்டார். பியர்சனிடம் 'இன ஒப்புமைக் குணகம்' என்று ஒரு அளவு இருந்தது. அதில் ஒரு அடிப்படைக் கோளாறு: அளந்த ஆட்களின் தொகை கூடக் கூட, குழுக்களுக்கிடையிலான 'வேறுபாடும்' தானாகக் கூடிவிடும். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான தூரம், பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பொறுத்து மாறினால் எப்படி இருக்கும்? வேறுபாடு உண்மையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, இருந்தால் அது எவ்வளவு பெரிது என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது மகலனோபிஸின் பெரிய பங்களிப்பு.

இதற்கிடையில் 1931இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் பௌதிகப் பகுதியில் இருந்த அவருடைய அறையில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனம் பிறந்தது. 1936இல், மாறிகளுக்கிடையிலான இணைபையும் கணக்கில் எடுத்த முழு வடிவத்தை வெளியிட்டார். 'மகலனோபிஸ் தூரம்' என்று உலகம் முழுக்கப் படிப்பிப்பது இதைத்தான். அந்தத் தூரத்தின் பரம்பலைக் கண்டுபிடிக்கும் கடினமான கணிதத்தை ஆர். சி. போஸும் எஸ். என். ரோயும் செய்து முடித்தார்கள். பொத்தானை அழுத்தினால் கணிக்கிற யந்திரம் இல்லாத காலம். 10 மாறி எடுத்தால் 10 மாறற்றிறன், 45 இணைமாறற்றிறன், பிறகு அந்தத் தாயத்தின் நேர்மாறு. எல்லாம் கையாலும் சுழற்றுகிற கணிப்பானாலும்.

அந்தத் தூரம் என்ன செய்கிறது?

இதை ஒருக்கா எண்ணில் பார்த்தால்தான் விளங்கும். எடுத்துக்காட்டுக்காக நாங்களே எண்களைப் போடுகிறோம்.

ஒரு வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகமும். இரண்டையும் தரப்படுத்தியாச்சு, அதாவது இடை 0, நியம விலகல் 1. இரண்டு பாடங்களுக்கும் இடையிலான இணைபு 0.8. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதிலும் பெரும்பாலும் கெட்டிக்காரர்.

முதலாவது மாணவி இரண்டிலும் இடையைவிட ஒரு நியம விலகல் மேலே, (1, 1). இரண்டாமவர் கணிதத்தில் ஒன்று மேலே, பௌதிகத்தில் ஒன்று கீழே, (1, −1). அடிமட்டம் வைத்து அளந்தால் இருவரும் வகுப்பின் நடுவிலிருந்து ஒரே தூரம், இரண்டின் வர்க்கமூலம். மகலனோபிஸ் தூரத்தின் வர்க்கமோ முதலாமவருக்கு 1.11, இரண்டாமவருக்கு 10.

ஏன்? இரண்டிலும் ஒன்றாக ஏறுவது அந்த வகுப்பில் சாதாரண விசயம். ஒன்றில் ஏறி மற்றதில் இறங்குவதுதான் அபூர்வம். அடிமட்டத்துக்கு இது தெரியாது, மகலனோபிஸ் தூரத்துக்குத் தெரியும். மாறி ஒன்றே ஒன்று என்றால் இந்தத் தூரத்தின் வர்க்கம், நாங்கள் எல்லாரும் அறிந்த இசட் புள்ளியின் வர்க்கமாகச் சுருங்கிவிடும். அதாவது கல்கத்தாவில் வளர்ந்த இந்தத் தூரமும் எங்களை வளாகத்துக்குள் விட்ட இசட் புள்ளியும் ஒரே குடும்பம்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். இந்த 0.8 எங்கிருந்து வந்தது? அந்த வகுப்பிலிருந்து. வேறு வகுப்பை எடுத்திருந்தால் வேறு எண், வேறு தூரம். 'யாருக்குள் வைத்து அளக்கிறோம்' என்று முடிவு செய்யாமல் இந்தத் தூரத்தைக் கணிக்கவே ஏலாது.

பூவும் எலும்பும்

இனி ஐரிஸ் கதை. பூக்களை அளந்தவர் எட்கர் அண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். மூன்று இனங்களில் இரண்டின் பூக்களைக் கனடாவின் காஸ்பே குடாநாட்டில், ஒரே புல்வெளியில், ஒரே நாளில் பறித்து, ஒரே கருவியால் ஒரே ஆளே அளந்தார். ரொனால்ட் பிஷர் இந்தத் தரவை எடுத்துக்கொண்டார். நான்கு அளவுகளையும் எப்படிக் கலந்தால் இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஆகக் கூடுதலாகப் பிரியும் என்று கேட்டு, வேறுபடுத்தும் சார்பைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் இருந்தது பியர்சன் விட்டுச்சென்ற அதே யூஜெனிக்ஸ் கதிரையில். கட்டுரை அந்தச் சஞ்சிகைக்குப் போனதில் அதிசயமில்லை. இந்த முறை முதலில் பூவுக்குக்கூட வரவில்லை. முதல் வருடம், 1935இல், மில்ட்ரட் பார்னாட் அதே சஞ்சிகையில் பிஷரின் இந்த யோசனையை எகிப்திய மண்டையோடுகளில் பயன்படுத்தியிருந்தார்.

ஐரிஸில் குழு என்ன என்பது தாவரவியலில் ஓரளவுக்குத் தெளிவானது. பூவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அதற்கு இடம் மறுக்கப்படப் போவதில்லை. ஆனால் அதே சூத்திரத்தில் 'இனம்' என்ற நிரலில் மனிதர்களைப் போட்டால் சூத்திரம் ஒன்றும் கேட்காது. எந்தப் பெயர்ப்பலகை கொடுத்தாலும் அந்தப் பெயர்ப்பலகைகளை ஆகக்கூடுதலாகப் பிரிக்கிற கோட்டைத் தேடித் தரும். அதுதான் அதன் வேலை.

சி. ஆர். ராவ் 1941இல் கல்கத்தா நிறுவனத்தில் சேர்ந்தார். 1946இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் ஹென்றி வெல்கம் முதலாம் உலகப்போருக்கு முன் தோண்டியெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த எலும்புகளை அளந்து, அந்தப் பழைய மக்கள் யாருக்குக் கிட்ட என்று சொல்வது அங்கே வேலை. பிஷரின் மேற்பார்வையில் 1948இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே வருடம் அவர் எழுதிய கட்டுரை, இரண்டு குழுக்களுக்கு மேல் இருக்கும்போது எப்படி வகைப்படுத்துவது என்ற வழியைத் திறந்தது. 2023இல் புள்ளிவிபரவியலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்று, அதே ஆண்டு ஓகஸ்டில் 102 வயதில் காலமானார். நாங்கள் படிக்கிற பாடத்தில் பாதி, இப்படி ஆசியாவின் ஒரு நகரத்தில் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தவர்கள் கட்டியது. இதில் பெருமைப்பட இடம் இருக்கிறது.

பெருமையோடு நிறுத்திவிடவும் ஏலாது. இந்தியாவின் ஐக்கிய மாகாணங்களில் 1941இல் மஜும்தார் அளந்த சாதிகள், பழங்குடிகளின் தரவை மகலனோபிஸும் ராவும் சேர்ந்து ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். ரிஸ்லியைப் போல ஒரு மூக்கை வைத்து யாரையும் உயர்த்தித் தாழ்த்தாத, மிகக் கவனமான வேலை. ஆனாலும் சாதியின் பெயரைக் கேட்டு ஆட்களைச் சேர்த்து அளந்தால், விடையும் சாதியின் பெயரில்தான் வரும். தலைமுறை தலைமுறையாக யாருக்குச் சாப்பாடு இருந்தது, யாருக்கு இல்லை என்பதும் உயரத்துக்குள் இருக்கும். உடம்பை அளந்தால் அநியாயமும் சேர்ந்து அளக்கப்படும். ஆனால் அட்டவணையில் அதற்குத் தனி நிரல் இருக்காது.

எங்கட வீட்டுக் கதை

இப்ப முதல் வகுப்புக்குத் திரும்புவம். தரப்படுத்தல்.

1971 பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழிமூல மாணவர்களுக்கும் சிங்களமொழிமூல மாணவர்களுக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழிமூலத்தில் 250 புள்ளி வேணும், சிங்களமொழிமூலத்தில் 227 போதும். 1973இல் இது 'மொழிவாரித் தரப்படுத்தல்' என்ற புள்ளிவிபரவியல் உடுப்பைப் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் பொது அளவு ஒன்றுக்கு மாற்றப்பட்டன, தோற்றியவர்களின் விகிதத்துக்கு ஏற்பத் தெரிவும் அமையும்படி. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அதில் இழப்பு. வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் உட்பட, அதில் ஒரு கதவு திறந்தது. இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்கட கதையும் அரைக்கதைதான்.

மொழிவாரித் தரப்படுத்தலின் கணிதத்தை இப்ப எங்களால் வாசிக்க முடியும். தமிழ்மொழிமூலப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஒரு குழுவின் இடை மற்றக் குழுவின் இடையைவிடக் கூட என்று வைப்பம். அதற்குக் காரணம் பரீட்சகரின் தாராளமா, பிள்ளைகளின் படிப்பா, பாடசாலையின் ஆய்வுகூடமா? புள்ளிகளை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. எல்லாக் காரணமும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். இரண்டு குழுக்களையும் ஒரே இடைக்குக் கொண்டுவந்தால், வேறுபாடு முழுவதும் பிழை என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதியதாகிவிடும். அந்தத் தீர்ப்பு கணிதம் எழுதியதில்லை. 'மொழிமூலம்' என்பதைக் குழுவாக எடுத்தவர்கள் எழுதியது. யாழ்ப்பாண நகரத்தின் பெரிய கல்லூரி மாணவரும், வன்னியின் சின்னப் பள்ளிக்கூட மாணவியும், மலையகத்துப் பிள்ளையும், கிழக்கின் முஸ்லிம் மாணவரும் அந்த ஒரே பெட்டிக்குள் போடப்பட்டார்கள்.

மொழிவாரி முறை 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. 2001 உயர்தரப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுவதையும் ஒரே குடித்தொகையாக எடுத்து, இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களின் சராசரி. மொழி என்ற பெட்டி இல்லை. முந்தியதைவிட நேர்மையான முறை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பெட்டிப் பிரச்சினை முடியவில்லை. 2011 உயர்தரத்துக்குப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினார்கள். இசட் புள்ளி இரண்டையும் சேர்த்துக் கணிக்கப்பட்டது. என்ன நடக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்பம். புதியதில் இடை 40, பழையதில் இடை 50, இரண்டிலும் நியம விலகல் 10, தோற்றியவர்கள் சம அளவு. இரண்டிலும் 50 எடுத்த இருவர். தனித்தனியாகக் கணித்தால் புதிய பாடத்திட்ட மாணவிக்கு 1, பழைய பாடத்திட்ட மாணவருக்கு 0. சேர்த்துக் கணித்தால் இருவருக்கும் சுமார் 0.45. ஒரு பொறியியல் பீடமே போய்விடுகிற வித்தியாசம் இது. விசயம் நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தப் பெறுபேற்றை ஏற்காமல், இரண்டையும் இரண்டு வெவ்வேறு குடித்தொகைகளாக எடுத்து மீளக் கணிக்கச் சொன்னது.

இதில் நாங்கள் கவனிப்பது, எல்லாப் பக்கமும் ஒரே சூத்திரத்தைத்தான் பாவித்தார்கள் என்பதை. கழித்தல், வகுத்தல் எதிலும் சண்டையில்லை. எது ஒரு குடித்தொகை என்பதில்தான் சண்டை. 1973இலும் அதுதான், ரிஸ்லியிலும் அதுதான், பியர்சனின் யூதப் பிள்ளைகளிலும் அதுதான்.

பாடத்தைப் படித்தபிறகு இசட் புள்ளியிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். மூன்று இசட் புள்ளிகளின் சராசரியின் மாறற்றிறன் பாடங்களுக்கிடையிலான இணைபில் தங்கியிருக்கிறது. மூன்று பாடங்களும் சோடி சோடியாக 0.8 இணைபு கொண்டவை என்றால் சராசரியின் நியம விலகல் சுமார் 0.93. 0.2 என்றால் சுமார் 0.68. அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பாடங்களை எடுத்தவர்களுக்கு மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த சராசரிகள் இயல்பாகவே கூட வரும். வெவ்வேறு பாடச் சேர்க்கைகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறபோது இது ஒன்றுமில்லாத விசயமில்லை. பெர்டில்லோனைப் பார்த்துக் கால்டன் சொன்னதும் இதைத்தான்.

பெயரை மாத்தினால் போதுமா?

அந்தச் சஞ்சிகை 1954இல் தன் பெயரை 'அனல்ஸ் ஒஃப் ஹியூமன் ஜெனெற்றிக்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. 2020இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ், கால்டன், பியர்சன் பெயர்களைக் கட்டடங்களிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு, ஐரிஸுக்குப் பதிலாகப் பாவிக்கலாம் என்று அந்தாட்டிக்காவின் 344 பென்குயின்களின் தரவை ஆர் பயனர்களுக்காக வெளியிட்டார்கள். நல்லதுதான். எங்கட செய்முறையிலும் பென்குயின் வந்தால் சந்தோசம்.

ஆனால் பென்குயினைப் படித்து முடித்துவிட்டு வேலைக்குப் போகிற நாங்கள் பென்குயினை அளக்கப் போவதில்லை. வங்கியில் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று பிரிப்போம். அமைச்சில் எந்தக் குடும்பத்துக்கு உதவி கிடைக்க வேணும் என்று புள்ளி போடுவோம். கடன் கேட்டு வந்த ஒரு அக்கா எந்தக் குழுவுக்குக் 'கிட்ட' என்று ஒரு மாதிரியுரு சொல்லும். அந்தத் தூரத்துக்குள் அவ இருக்கிற ஊரும், போர் தின்ற அவவின்ர பத்து வருசமும் அளக்கப்பட்டிருக்கும். அதற்கும் தனி நிரல் இருக்காது.

அதனால்தான் கணிதத்தைத் தூக்கியெறியச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. பியர்சனின் குணகத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கக் கணிதம் தேவைப்பட்டது. ரிஸ்லியின் எண்களைத் திருத்த ஒருவர் இருந்து திருப்பிக் கூட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. 2011இல் ஏதோ பிழை என்று மாணவர்களுக்கு உள்ளுக்குத் தெரிந்தது. ஆனால் அதை வழக்காகச் சொல்லக் 'குடித்தொகை' என்ற சொல் தேவைப்பட்டது. எங்கட அப்பாமாரின் காலத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் கையில் இருந்தது?

எங்கட பட்ச்சில் நாங்கள் ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். செய்முறை அறிக்கையில் தூரமோ கொத்தோ கணிக்க முதல், மேலே மூன்று வரி எழுதுகிறது. குழுக்களைப் பிரித்தது யார்? அளந்தது யார், எதற்காக? அளக்கப்பட்டவர்களுக்கு இந்த விடையால் என்ன நடக்கும்? புள்ளி கிடைக்காத மூன்று வரிதான். ஐரிஸுக்கு எழுதினபோது மூன்றாவது கேள்விக்கு விடை ஒரே சொல்லில் முடிந்தது: ஒன்றுமில்லை. அடுத்த செய்முறைக்கு வந்தது வீட்டு வருமானத் தரவு. அதில் அந்த மூன்றாவது வரியை எழுத எங்களுக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.